திருப்புளியை எடுக்கும் முன்: பழைய வீட்டுச் சாதனங்களின் பாகங்களை விற்க வருபவர்களுக்கு

ஹட்டனில் பழைய இரும்புக் கடை ஒன்றின் வாசலில் நான் நின்றுகொண்டிருந்தபோது ஒரு வால்வு ரேடியோ தராசில் ஏறியது. கடைப் பையன் அதன் மரப்பெட்டியைச் சுத்தியலால் பிளந்து விறகுப் பக்கம் எறிந்தான். மின்மாற்றி செம்புக் குவியலுக்குப் போனது. ஐந்து வால்வுகளும், அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்திய காலத்துக் கண்ணாடிக் குழாய்களும், கானில் விழுந்து நொறுங்கின. ரேடியோவைக் கொண்டுவந்த பெரியவருக்குக் கிடைத்த காசு இரண்டு தேநீருக்கும் ஒரு ரொட்டிக்கும் போதுமாக இருந்திருக்கும். நொறுங்கியவற்றில் ஒன்று ஈஎல் 84. வால்வு அம்ப்ளிஃபயரில் கித்தார் வாசிப்பவர்கள் இன்றும் தேடி வாங்கும் சாமான் அது.

இந்தத் தொழிலில் சம்பாதிப்பவர் முதலில் கண்ணால் சம்பாதிக்கிறார். திருப்புளி பிறகுதான் வருகிறது. புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். கையில் கிடைத்ததைக் கழற்றிப் பரப்பிவிட்டு, "இது எதற்கு உதவும்?" என்று பிறகு கேட்கிறார்கள். நானும் அப்படித் தொடங்கியவன்தான். அந்தக் காலத்தில் பாழாக்கியவற்றை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

நம் பக்கத்தில் கிடைப்பவை

கொழும்பில் இதே தொழில் செய்பவர் மின்விசிறிகளையும் குளிரூட்டிகளையும் தேடுவார். நுவரெலியாவில் மின்விசிறி தேடினால் சிரிப்பார்கள். இங்கே கிடைப்பவை வேறு: தையல் மெஷின், பம்ப் அடுப்பு, பெட்ரோமாக்ஸ் விளக்கு, கரி இஸ்திரிப்பெட்டி, வால்வு ரேடியோ, அறையைச் சூடாக்கும் ஹீட்டர், எப்போதாவது ஒரு மண்ணெண்ணெய் பிரிட்ஜ்.

இதற்குக் காரணம் தோட்டங்களின் கதையிலேயே இருக்கிறது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு வெள்ளைக்காரத் துரைமார் பலர் ஊருக்குப் போனார்கள். அவர்களுடைய பங்களாச் சாமான்கள் கைமாறின. பங்களாவிலிருந்து கிளார்க் குவார்ட்டர்ஸுக்கும், அங்கிருந்து கணக்கப்பிள்ளை வீட்டுக்கும், பிறகு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கும் அவை இறங்கி வந்தன. லயங்களுக்கு மின்சாரம் தாமதமாகத்தான் வந்தது. அதனால் கையால் சுற்றுவதும் மண்ணெண்ணெயில் எரிவதும் மற்ற இடங்களைவிட இங்கே நீண்ட காலம் புழக்கத்தில் இருந்தன. இன்றும் பல வீடுகளில் அலுமாரிக்கு மேலே துணி போர்த்தி ஏதோ ஒன்று இருக்கும். அது என்னவென்று வீட்டுக்காரருக்கே மறந்திருக்கும்.

தொடங்குபவர் தையல் மெஷினில் தொடங்குவது நல்லது. மின்சாரம் இல்லை, வாயு இல்லை, விஷம் இல்லை. வாங்குபவர்களும் பக்கத்துத் தோட்டத்திலேயே இருக்கிறார்கள்.

படி ஒன்று: வாங்கப் போகும்போது

சட்டைப் பையில் ஒரு சிறு காந்தம், ஒரு டோர்ச், ஒரு கொப்பி. இவ்வளவு போதும். பித்தளை என்று சொல்லி விற்கப்படும் பொருளில் காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. டோர்ச் அடிப்பக்கத்தைப் பார்ப்பதற்கு. துருவும் வெடிப்பும் எப்போதும் அடியில்தான் இருக்கும். கொப்பியில் விற்றவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி, விலை ஆகியவற்றை எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்தவராக இருந்தாலும் வாங்குங்கள். தெரிந்தவர் என்றால் இன்னும் கட்டாயமாக வாங்குங்கள்.

தோட்டத்துச் சாமான் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பங்களாவில் இருக்கும் பொருள் அங்கே வேலை செய்பவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. தோட்டத்து இருப்புப் பட்டியலில் ஏறியிருக்கலாம். கேட் பாஸ் கடதாசி இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். ஒரு மாலை நேரத்தில் ஒருவர் பங்களா வெந்நீர்ப் பொயிலரின் செப்புக் குழாய்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். விலை மலிவாக இருந்ததால் நான் கேள்வி கேட்கவில்லை. மூன்றாம் நாள் குழாயும் போனது, பணமும் போனது, பொலிஸ் நிலையத்து பெஞ்சில் ஒரு பகலும் போனது. இருட்டிய பிறகு சாக்கில் வரும் செம்பு எனக்கு இப்போது வேண்டாம்.

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். கடை போடுவதென்றால் பிரதேச சபையிலோ நகர சபையிலோ வியாபார அனுமதி பற்றியும் கேளுங்கள். சிறிய வேலைதான். கேள்வி வரும் நாளில் பெரிய உதவி.

படி இரண்டு: பிரிக்கலாமா, கூடாதா

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை சாமானை மேசையில் வைத்துப் பாருங்கள். ஒரு நாள் போனாலும் பரவாயில்லை.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு லயத்துக்குக் கால் மெஷின் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர். "தைத்துக் கனகாலம் தம்பி, சில்லு சுற்றவே மாட்டேன் என்கிறது, இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்" என்றார். ஊசித் தகட்டைக் கழற்றினேன். துணியைத் தள்ளும் பல்வரிசைக்குள் பஞ்சு கம்பளம் போல இறுகிக் கிடந்தது. கீழே பழைய எண்ணெய் மஞ்சள் பிசினாகிவிட்டிருந்தது. யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். பஞ்சைக் குத்தூசியால் கிளறி எடுத்து, ஒவ்வோர் எண்ணெய்த் துளையிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, அவர் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுக் கையால் சுற்றினேன். முதலில் கால் சுற்று அசைந்தது. பிறகு அரைச் சுற்று. பிறகு முழுதாகச் சுற்றியது.

"அப்படியென்றால் விற்கவில்லை" என்றார் அம்மா.

நான் வந்த வேலை கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவர் உள்ளே போய்ப் பலகாரத் தகரம் ஒன்றைக் கொண்டுவந்து, "இது எனக்கு விளங்காத சாமான், உனக்கு உதவுமா பார்" என்று நீட்டினார். உள்ளே சுருக்கு வைக்கும் பாதம், ஓரம் மடிக்கும் பாதம், கரை கட்டும் பாதம், அடிநூல் சுற்றும் நாலைந்து பொபின். சிறு எழுத்தில் சிங்கர் கம்பனியின் முத்திரையான "சிமன்கோ" என்றும் அருகில் ஓர் இலக்கமும் பொறித்திருந்தன. நியாயமான விலை சொல்லி வாங்கினேன். அந்தத் தகரம் எனக்குக் கொடுத்த இலாபம், முழு மெஷினையும் இரும்பு விலைக்கு வாங்கி உடைத்திருந்தால் கிடைத்ததைவிட அதிகம்.

வேலை செய்வதை, அல்லது ஒரு நாள் வேலையில் திருத்தக்கூடியதை, முழுதாகவே விற்றுவிடுங்கள். வார்ப்பிரும்பு வெடித்தது, துருவேறி உருகி ஒட்டியதுபோல் ஆனது, பாதிப் பாகங்கள் ஏற்கெனவே தொலைந்தது ஆகியவற்றை மட்டும் பிரியுங்கள். எனக்கு இன்னொரு விதியும் உண்டு. வாங்கும்போதே, யாருக்கு விற்பேன் என்று பெயர் சொல்லக்கூடிய மூன்று பாகங்கள் அதில் இருக்க வேண்டும். அந்த மூன்றும் கொடுத்த விலையை மீட்டால் மீதியெல்லாம் இலாபம். பெயர் சொல்ல முடியவில்லை என்றால் அது இன்னும் எனக்குத் தெரியாத சாமான், விட்டுவிடுகிறேன்.

எல்ல என்ற சுற்றுலா ஊரின் தங்குமிடங்களுக்கு மேசை செய்ய மெஷின் கால்களை மட்டும் கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். நல்ல விலையும் கொடுக்கிறார்கள். தலை செத்துப்போன மெஷினின் காலைக் கொடுக்கிறேன். தைத்துக்கொண்டிருக்கும் மெஷினின் காலைக் கொடுப்பதில்லை. இது வியாபாரப் புத்தி அல்ல என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும்.

படி மூன்று: தையல் மெஷின்

சிங்கர் 1877இல் இலங்கையில் கடை திறந்தது. அதனால் நம் வீடுகளில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி அதுதான். மாதிரி இலக்கத்துக்குப் பின்னால் "கே" என்று வந்தால் ஸ்கொட்லாந்தில் கிளைட்பாங்க் நகரத்துக் கில்போவித் தொழிற்சாலையில் செய்தது என்று பொருள். 15கே, 66கே, 128கே, 201கே ஆகிய நான்கையும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். துணி படியும் தட்டையான பகுதியான மெஷின் படுக்கையின் வலப்பக்கத்தில் பொறித்திருக்கும் தொடர் இலக்கத்தை எழுதிக்கொண்டால் செய்த ஆண்டையும் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

இலக்கத் தகடு இல்லாத மெஷினையும் பொபினை வைத்து அடையாளம் காணலாம். பொபின் கேஸ் தலையின் இடது முனையில் செங்குத்தாக நுழைந்தால் 15 வகை. மேலேயிருந்து தட்டையாக விழுந்தால் 66 அல்லது 201. படகு போன்ற ஷட்டிலுக்குள் நீளமான மெல்லிய பொபின் இருந்தால் 128 அல்லது அதன் உறவுக்காரர். 15இன் பொபினும் 66இன் பொபினும் கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியும். 15இன் பக்கங்கள் தட்டை, 66இன் பக்கங்கள் சற்றே குவிந்தவை. மாற்றிக் கொடுத்தால் நூல் சிக்கும், வாங்கியவர் உங்களைத் திட்டுவார். திட்டுவது நியாயம்.

15 வகைப் பாகங்கள் வேகமாக விற்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானியத் தொழிற்சாலைகள் அந்த வடிவத்தை அப்படியே எடுத்துச் செய்தன. அதனால் பெயர் வேறாக இருந்தாலும் பாகங்கள் பல பொருந்தும். ஒரு விதிவிலக்கு உண்டு. பொபின் கேஸின் விரல் போன்ற முனை சில மெஷின்களில் மணிக்கூட்டின் பதினொன்றைக் காட்டும், சிலவற்றில் ஒன்றைக் காட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாறாது. படம் எடுக்கும்போது நேராக முன்னாலிருந்து எடுங்கள்.

எந்தப் பாகம் முதலில் விற்கிறது? எது முதலில் தொலைகிறதோ அது. பொபினை மூடும் பளபளப்பான சறுக்குத் தகடு, பொபின் கேஸ், ஊசியை இறுக்கும் சிறு திருகாணி, நூல் இழுவையைக் கட்டுப்படுத்தும் தட்டுகளும் அதன் வில்லும், நூல் கட்டை நிற்கும் முள், பொபின் சுற்றியின் இறப்பர் வளையம். கை மெஷின் சுற்றும் கைப்பிடித் தொகுதி முழுதாக இருந்தால் அதற்குத் தனி மதிப்பு. கால் மெஷின்காரர்களில் சிலர் முதுகுவலி வந்த பிறகு கை மெஷினுக்கு மாற விரும்புகிறார்கள்.

கழற்றும் முறையைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். திருப்புளியின் வாய் திருகாணியின் பிளவை அகலத்திலும் தடிப்பிலும் முழுதாக நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் வழுக்கும். வழுக்கினால் தலை சிதையும், சிதைந்த தலைக்கு விலை இல்லை. அசையாத திருகாணியில் பலம் காட்டாதீர்கள். ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுவிட்டு நித்திரைக்குப் போங்கள். காலையில் தலைமயிர் உலர்த்தியால் சூடாக்கி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு தளர்த்தும் பக்கம். சிங்கர் திருகாணிகளின் மரை அந்தக் கம்பனிக்கே உரியது, ஹார்ட்வெயார் கடையில் கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு பாகத்தையும் அதன் திருகாணியோடேயே கட்டி வையுங்கள். திருகாணி இல்லாத சறுக்குத் தகட்டு வில் பாதி விலைக்குத்தான் போகும்.

கறுப்பு மேனியில் பொன் எழுத்து இருக்கும் மெஷினைச் சாராயமோ ஸ்பிரிட்டோ தொடக் கூடாது. பூச்சு கரைந்து எழுத்து கையோடு வந்துவிடும். சவர்க்காரத் தண்ணீரும் வேண்டாம். தையல் மெஷின் எண்ணெயை மென்மையான துணியில் தொட்டுத் துடையுங்கள். அழுக்கு மெதுவாக வரும், பொன் நிற்கும்.

படி நான்கு: வால்வு ரேடியோ

இதில் பணம் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவரோடு முதல் இரண்டு மூன்று பெட்டிகளைத் திறந்து பாருங்கள்.

செருகியை இழுத்துவிட்டால் பெட்டி செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கிகள் முந்நூறு வோல்ட் வரை தாங்கிக்கொண்டிருக்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் மின்தடை ஒன்றின் கால்களைக் காப்பிட்ட கம்பியில் நீட்டி, மின்தேக்கியின் இரு முனைகளிலும் பத்து விநாடி வைத்திருங்கள். பிறகு மீட்டரால் அளந்து பாருங்கள். திருப்புளியைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடும் வீரம் வேண்டாம். "யு" எழுத்தில் தொடங்கும் வால்வுகள் கொண்ட பெட்டிகளில் பெரும்பாலும் மின்மாற்றி இருக்காது. இரும்புச் சட்டமே நேராகக் கரண்டோடு தொடர்புடையது. அப்படிப்பட்டதைச் சோதித்துப் பார்க்கக் கூடச் செருகியை மாட்டாதீர்கள்.

ஐரோப்பிய வால்வுகளின் பெயரே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். முதல் எழுத்து ஈ என்றால் உள்ளே சூடாகும் இழைக்கு 6.3 வோல்ட். பி என்றால் பெரும்பாலும் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து வந்தது. ஈஎல் 84, ஈசிசி 83 இரண்டையும் இசைக்காரர்கள் கேட்பார்கள். ஈசிஎச் 81, ஈபிஎஃப் 80 போன்றவற்றைப் பழைய ரேடியோவை உயிர்ப்பிப்பவர்கள் கேட்பார்கள்.

வால்வைச் சோதிக்க முதல் வழி கண். உச்சியிலோ பக்கத்திலோ வெள்ளிக் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கும். அது வெள்ளியாகவோ கறுப்பாகவோ இருந்தால் நம்பிக்கை உண்டு. பால் போல வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, எறிந்துவிடலாம். இரண்டாவது வழி மீட்டர். ஈஎல் 84, ஈசிசி 83 இரண்டிலும் நாலாம், ஐந்தாம் கால்களுக்கிடையே சில ஓம் காட்ட வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் இழை அறுந்திருக்கிறது. இந்தச் சோதனை இழை இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும், வால்வு நன்றாக உழைக்குமா என்று சொல்லாது. விற்கும்போதும் அப்படியே சொல்லுங்கள்.

இனி என் முட்டாள்தனம். முதன்முதலாகக் கிடைத்த பன்னிரண்டு வால்வுகளை அழுக்காக இருக்கின்றனவே என்று சவர்க்காரத் தண்ணீரில் கழுவி வரிசையாக அடுக்கினேன். பளபளவென்று இருந்தன. ஒன்றிலும் பெயர் இல்லை. அந்தக் காலத்து அச்சு ஈரத் துணிக்கே போய்விடும் என்று எனக்குத் தெரியாது. பெயரில்லாத வால்வை யாரும் வாங்க மாட்டார்கள். பிறகு ஒரு முதிய ரேடியோ மெக்கானிக், கண்ணாடிமேல் வாயால் ஊதிப் பார்க்கச் சொன்னார். நுவரெலியாக் குளிரில் ஊதியதும் ஆவி படிந்து, அழிந்த எழுத்தின் நிழல் சிலவற்றில் ஒரு கணம் தெரிந்தது. முலார்ட் என்ற பிரித்தானியக் கம்பனியின் வால்வுகளில் கண்ணாடியின் அடியோரத்தில் அரித்துப் பொறித்த குறியும் இருக்கும். இரண்டாம் வரி பி எழுத்தில் தொடங்கினால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் தொழிற்சாலை. பன்னிரண்டில் ஏழு வால்வுகளின் பெயரை அப்படி மீட்டேன். இப்போது வால்வைத் தூரிகையால் தூசு தட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன், எழுத்திருக்கும் பக்கத்தைத் தொடுவதே இல்லை.

நிலையங்களின் பெயர் எழுதிய முகப்புக் கண்ணாடிக்கும் இதே விதி. பின்னால் அச்சிட்ட எழுத்தைத் துடைக்காதீர்கள். ரேடியோ சிலோன் கேட்டு வளர்ந்தவர்கள் தங்கள் அப்பாவின் பெட்டியைத் திருத்தித் தரக் கேட்டு வருகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இந்தக் கண்ணாடிதான். வால்வைப் புதிதாக வாங்கலாம், ஒலிபெருக்கியைத் திருத்தலாம், கண்ணாடியை யார் செய்வது? குமிழ்கள், பின்புற மட்டை, ஒலிபெருக்கித் துணி, பெயர்ச் சின்னம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பிரித்தானியப் பெட்டிகளில் இருப்பது பிஏ என்ற பழைய பிரித்தானிய அளவு மரைத் திருகாணிகள். இன்றைய மில்லிமீட்டர் திருகாணி அதில் ஏறாது. அவற்றையும் அளவுவாரியாகச் சிறு போத்தல்களில் போடுங்கள்.

படி ஐந்து: மண்ணெண்ணெய்ச் சாமான்களும் இஸ்திரிப்பெட்டியும்

2022இல் எரிவாயு இல்லாமல் வரிசையில் நின்ற மாதங்களில் பரணில் கிடந்த பம்ப் அடுப்புகள் எல்லாம் கீழே இறங்கின. அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதும் பல அடுப்புகள் மீண்டும் பரணுக்குப் போய்விட்டன. ஆனாலும் நிப்பிள், பர்னர், பம்ப் கம்பி ஆகியவற்றைக் கேட்டு இன்றும் ஆட்கள் வருகிறார்கள்.

காய்ந்து சுருங்கிய தோல் வாஷரை எறியாதீர்கள். ஓர் இரவு எண்ணெயில் ஊறவைத்து விரலால் விளிம்பை விரித்துவிட்டால் மீண்டும் காற்றைப் பிடிக்கும். தாங்கியைச் சவர்க்கார நுரை பூசி, காற்றடித்துப் பாருங்கள். குமிழி வந்தால் அது அலங்காரப் பொருள் மட்டுமே. ஈயம் வைத்து ஒட்டிய தாங்கியை எரிப்பதற்கென்று யாருக்கும் விற்காதீர்கள். பெட்ரோமாக்ஸில் ஆவியாக்கிக் குழாய், கண்ணாடி, மேல்மூடி மூன்றும் கேட்கப்படுபவை. பழைய மேண்டில்களில் தோரியம் இருக்கும். எரிந்த சாம்பலை ஊதாமல் ஈரத் துணியால் எடுங்கள்.

மூடியைப் பூட்டும் இடத்தில் சேவல் நிற்கும் பித்தளைக் கரி இஸ்திரிப்பெட்டியை முழுதாகவே விற்கலாம். புதிதாக வார்த்துப் பழசாக்கியவையும் சந்தையில் உண்டு. உள்ளே பாருங்கள். சிரட்டைக்கரி எரிந்த பெட்டியின் அடி கறுத்துச் செதில் பிடித்திருக்கும்.

பழைய பேக்கலைட் சுவிட்ச், உருண்டை முள் பிளக் ஆகியவற்றை அலங்காரத்துக்கு என்று எழுதி விற்கலாம். வயரிங் வேலைக்கு விற்காதீர்கள். இப்போது நாட்டின் தரநிலை 13 அம்பியர் சதுர முள்.

தொடக் கூடாதவை

மண்ணெண்ணெய் பிரிட்ஜின் பின்புறக் குழாய்களில் அழுத்தத்தோடு அமோனியாவும் ஐதரசனும் இருக்கின்றன. துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த குரோமேட் உப்பு வேறு. அந்தக் குழாயை வெட்டாதீர்கள். கைப்பிடி, பெயர்ச் சின்னம், தட்டுகள், ஐஸ் தட்டு, திரி அடுப்பு ஆகியவற்றை எடுத்தால் போதும். மின்சார பிரிட்ஜின் வாயுவை அதற்குரிய இயந்திரம் வைத்திருக்கும் தொழில்நுட்பவியலாளர்தான் எடுக்க வேண்டும். எந்த பிரிட்ஜாக இருந்தாலும் வீட்டுக்கு வந்த அன்றே கதவைக் கழற்றிவிடுங்கள். பழைய கதவுப் பூட்டு உள்ளேயிருந்து திறக்காது. லயத்துப் பிள்ளைகள் ஒளிந்து விளையாடுவார்கள்.

தொலைக்காட்சியின் படக்குழாய், மைக்ரோவேவ் அடுப்பு இரண்டும் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத் திறக்கக்கூடியவை அல்ல. பழைய ஹீட்டர், இஸ்திரி, டோஸ்டருக்குள் சாம்பல் நிறப் பஞ்சோ மென்மையான அட்டையோ இருந்தால் அஸ்பெஸ்டஸ் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். கிளறாமல் மூடிவிடுங்கள். எண்ணெய் கசியும் பழைய மின்தேக்கியையும் வெறுங்கையால் தொடாதீர்கள்.

செம்புக்காக வயரைக் கொளுத்தும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. புகை விஷம், எரிந்த செம்புக்கு விலையும் குறைவு. பொறுமையாகக் கத்தியால் உரித்தால் நல்ல விலை.

ஈரம்

சமவெளியில் இருப்பவருக்கு இந்தத் தலைப்பே தேவைப்படாது. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே மாதம் தொடங்கி செப்டெம்பர்வரை மழையும் மூடுபனியும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டுக் கடைசியில். நேற்று துடைத்த சறுக்குத் தகட்டில் இன்று செம்புள்ளி விழும். பத்திரிகைக் கடதாசியில் சுற்றி வைப்பது பழைய வழக்கம், ஆனால் கடதாசி ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். மெல்லியதாக எண்ணெய் பூசி, எண்ணெய்க் கடதாசியில் சுற்றி, மூடி இறுகும் தகரத்தில் போடுங்கள். அலுமாரியின் அடித்தட்டில் இழை பல்ப் ஒன்று, 15 வாட் போதும், துணியில் படாமல் எரியவிட்டால் மேல் தட்டுகள் காய்ந்திருக்கும். பெரிய துப்புரவு வேலைகளை நான் ஜனவரியிலிருந்து மார்ச்வரை வைத்துக்கொள்கிறேன்.

விலையும் விற்பனையும்

படம் எடுக்கும்போது பாகத்தின் அருகில் ஓர் அடிமட்டம், முன்பக்கம், பின்பக்கம், இலக்கம். இந்த நான்கும் இருந்தால் வரும் கேள்விகளில் பாதி குறையும். தையல் மெஷின் பாகங்களை இணையத்தில் போடுவதற்கு முன் உங்கள் ஊர்த் தையல் அக்காமாரிடம் சொல்லிவையுங்கள். ஒருவருக்குச் சரியான பொபின் கேஸ் கொடுத்தால் அந்தத் தோட்டம் முழுதும் தெரிந்துவிடும். வால்வுக்கும் முகப்புக் கண்ணாடிக்கும் இக்மன், பேஸ்புக் போன்ற இடங்கள் தேவை. வாங்குபவர்கள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சிதறி இருக்கிறார்கள்.

விலை சொல்வதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, புதுப் பாகத்தின் விலையை விசாரிப்பது. புதிதாகக் கிடைக்கும் பாகத்தை அதன் பாதிக்கு மேல் விற்க முடியாது. புதிதாகக் கிடைக்காததற்கு, முதலில் கேட்பவர் சம்மதிக்கும் விலையை எழுதி வைத்து, அடுத்தவருக்கு அதிலிருந்து தொடங்குகிறேன். தையல் மெஷின் பாகம் பொருந்தாவிட்டால் ஏழு நாளுக்குள் திருப்பி எடுப்பேன். மின்சாரச் சாமானுக்குப் "சோதித்தது", "சோதிக்காதது" என்று இரண்டு சொல் மட்டும் எழுதுகிறேன். "வேலை செய்யலாம்" என்ற மூன்றாவது சொல்லை எழுதாதீர்கள். சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

வெளிநாட்டவர் ஒருவர் முழுச் சாமானை வாங்கி நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கேட்டால், பழம்பொருள் அனுமதி தேவையா என்று தொல்பொருள் திணைக்களத்தில் விசாரித்த பிறகு பணம் வாங்குங்கள்.

அனுப்பும்போது வளைவுகளை நினைவில் வையுங்கள். கினிகத்தேனை இறக்கத்தில் பஸ்ஸின் பின்பெட்டியில் பொதி எப்படி உருளும் என்று ஒரு முறை பார்த்திருந்தால் போதும். வால்வைத் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி, கடதாசிக் குழலுக்குள் போட்டு, குழல்களைச் செங்குத்தாக அடுக்குங்கள். முகப்புக் கண்ணாடியை இரண்டு பலகைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து, எழுத்திருக்கும் பக்கத்தில் எதுவும் ஒட்டாமல் கட்டுங்கள். வார்ப்பிரும்புத் தலையை முழுதாக அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். விழுந்தால் மெஷினின் கை ஒடிந்துவிடும். நேரில் வந்து எடுத்துப் போகட்டும்.

ஆறு மாதம் யாரும் கேட்காத பாகங்களை உலோகவாரியாகப் பிரித்து இரும்புக் கடைக்குப் போடுகிறேன். சிறு திருகாணிகளை மட்டும் போடுவதில்லை. போன வாரம் தலவாக்கலையிலிருந்து ஒரு ரேடியோ மெக்கானிக் வந்து, நாலாம் இலக்க பிஏ போத்தலை மேசையில் கவிழ்த்து, ஒரு மணி நேரம் கிளறி, ஆறு திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டு போனார்.